குடலுள் ஒரு விளக்கு

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் இலர். 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், அக்காலத்து இலங்கை அரசின் செயலாளராக விளங்கிய சேர் எமேர்சன் டெனன்ற் என்பார் இந்நகருக்கு வந்தபோது, அவ்விசையைத் தாமே கேட்டறிய விரும்பினார். நிலா எழுந்தபின், மீனவருடன் தோணியேறி வாவியினுள்ளே சென்றார். காற்று அசையவில்லை, துடுப்புப் பட்டு எழுந்த அலையன்றி வேறு அலையும் இல்லை. நீரின் அடியிலிருந்து மெல்லிய நாதங்கள் பல எழுந்தன. அவர் குனிந்து தம் காதைத் தோணியின் பலகையிலே பொருத்தினார். உடனே அந்த நாதம் மிகப் பெருகிக் கேட்டது என்று தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். அது ஊரியின் ஓசை என்று மீனவர் அவருக்குச் சொன்னார்கள். ஊரியோ மீனோ என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின், யேசு சபைத் துறவியாகிய லாங் அடிகளாரின் துணைகொண்டு, கல்லடி வாவியிலிருந்து அவ்வொலியை இலங்கை வானொலியே ஒலிபரப்பியது.

டெனன்ற் தோணிப் பலகையிலே காது வைப்பதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்னர், 1816இல், பாரிசு நகரத்து வைத்தியர் ஒருவரும் ஏறத்தாழ இதனையே செய்தார். லெனெக் என்பது அவர் பெயர். நோயாளியாக வந்த பெண்ணின் மார்பிலே நேரே காது வைத்துக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. கடதாசித் தாள்களைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். இதயத்தின் துடிப்பு முன்னெப்போதும் இல்லாத் தெளிவுடன் கேட்டது. பின்னர் மரத்தாலே குழல் செய்துகொண்டார். இன்று வைத்தியர் ஒவ்வொருவரும் கழுத்திலே அணிந்திருக்கும் நாடியறிகருவிக்கு அதுவே மூதாதை.

மறைந்து கிடப்பதை வெளியே நின்று அறிவது மருத்துவத்தின் முதற் கலை. நம் நாட்டு வைத்தியர் மணிக்கட்டிலே மூன்று விரல் வைத்து நாடி பார்த்ததும் அதுவே. ஆனால் காதுக்கும் விரலுக்கும் எட்டாத பொருள்கள் உடலிலே பல உள. ஒலி எழுப்பாமலும் வலி தராமலும் பல ஆண்டுகள் வளர்ந்து, ஒரு நாள் உயிருக்கே உலை வைக்கும் பொருள்களும் உள. அத்தகைய ஒன்றை மனிதன் எவ்வாறு கண்டுகொண்டான், அதனைக் காண்பதற்கு இப்போது இயந்திரத்தின் அறிவையும் எவ்வாறு துணை கொண்டிருக்கிறான் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நமது பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமுடையது. அதன் உட்சுவரிலே சிலருக்குச் சிறு சதைமுளைகள் தோன்றுவதுண்டு. வைத்தியர் இதனைப் 'பொலிப்' என்பர். சில காம்புடன் காளான்போல் எழுந்து நிற்கும்; சில சுவரோடு ஒட்டித் தட்டையாகக் கிடக்கும். எள்ளளவினவும் உண்டு, நெல்லிக்காயளவினவும் உண்டு. இவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆயினும் ஒரு வகை முளை, ஏறத்தாழ பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ மெல்ல மெல்ல மாறிப் புற்றுநோயாகிவிடக் கூடும். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்குப் பெருங்குடலிலும் மலக்குடலிலும் புதிதாகப் புற்றுநோய் கண்டது. 9 இலட்சம் பேர் அதனால் இறந்தனர். இலங்கையிலும் இது முன்னணியில் நிற்கும் புற்றுநோய்களுள் ஒன்று.

இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், இந்நோய் திடீரென வருவதன்று என்பதே. பத்தாண்டுக்காலம் அது நமக்கு அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்துள் முளையைக் கண்டு கொய்துவிட்டால், வரவிருந்த புற்றுநோய் வாராமலே போய்விடும். ஆகவே இது முழுவதும் பார்வையின் கதை. கண்டவன் பிழைத்தான், காணத் தவறியவன் துன்புற்றான்.

உடலினுள்ளே விளக்கேற்றிப் பார்க்க முதன்முதலில் முயன்றவருள் தலையாயவர் பிலிப் பொட்சீனி என்னும் ஜேர்மனிய வைத்தியர். 1806இல், பிராங்பேர்ட் நகரிலே, மெழுகுதிரி, கண்ணாடி, உலோகக் குழல் ஆகிய மூன்றையும் கொண்டு அவர் ஒரு கருவியை அமைத்தார். வியன்னா நகரத்து மருத்துவ பீடத்தார் அதனை வீண் ஆர்வத்தின் விளைவென்று ஒதுக்கிவிட்டனர். மூன்றாண்டு கழிந்து, தொற்றுக் காய்ச்சல் கண்டு, 35 வயதிலே பொட்சீனி இறந்தார். தாம் ஏற்றிய சிறு சுடர் எங்கே சென்று சேரும் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

1868இல் கூஸ்மௌல் என்னும் மற்றொரு ஜேர்மனியர், வாளை விழுங்கி வித்தை காட்டும் ஒருவனை அழைத்து, அவன் தொண்டை வழியே நீண்ட நேர்க்குழலொன்றை இரைப்பைவரை செலுத்தினார். குழல் சென்றது, ஆனால் உள்ளே போதிய ஒளி இல்லை. வாள் விழுங்கத் தெரிந்தவனுக்கன்றி மற்றவருக்கு அக்குழலால் பயனுமில்லை. 1932இல் ருடோல்ப் சிண்ட்லர் ஓரளவு வளையும் குழலைச் செய்தார். அதுவும் குடலின் வளைவுகளுள் நெடுந்தூரம் செல்ல வல்லதன்று. ஒளியோ நேர்கோட்டிலே செல்வது. குடலோ சுருண்டு கிடப்பது. நேரே செல்லும் ஒளியை வளைந்த பாதையில் நடத்திச் செல்வது எங்ஙனம்? இதுவே நூறாண்டுக் காலம் அறிஞரைத் தடுத்து நிறுத்திய வினா.

இதற்கு விடை சொன்னோருள் ஒருவர் நம் பக்கத்து நாட்டவர். நரிந்தர் சிங் கப்பானி என்பவர் 1926இல் பஞ்சாபிலே மோகா என்னும் ஊரிற் பிறந்தவர். ஒளி நேரே மட்டுமே செல்லும் என்று பள்ளியிலே கற்பித்ததை ஏற்க அவர் மனம் ஒருப்படவில்லை. இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலே ஹரல்ட் ஹொப்கின்ஸ் என்னும் அறிஞருடன் சேர்ந்து, மயிரிழை போன்ற கண்ணாடி நார்கள் பலவற்றை ஒரு கட்டாகக் கட்டி, ஒரு முனையிலே விழுந்த உருவத்தை மறுமுனையிலே காட்டினார். கட்டை வளைத்தபோதும் உருவம் அழியவில்லை. நாரினுள்ளே புகுந்த ஒளி, வெளியேற வழியின்றிச் சுவரிலிருந்து சுவருக்குத் தெறித்துத் தெறித்து மறுமுனை போய்ச் சேர்ந்தது. 1954ஆம் ஆண்டு சனவரியில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் இச்செய்தி வெளியாயிற்று.

அதனைப் படித்தவருள் ஒருவர் பசில் ஹேர்ஷோவிற்ஸ். தென்னாபிரிக்காவிலே பிறந்து, ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்திலே பணிபுரிந்தவர். நாருக்கு நார் ஒளி கசிந்து உருவம் மங்கியது அப்போது பெருந் தடையாக இருந்தது. அவருடன் ஆராய்ந்த லாரி கேர்ட்டிஸ் என்னும் இளமாணவர் ஒவ்வொரு நாருக்கும் வேறொரு கண்ணாடியாலே உறை இட்டு அக்குறையைத் தீர்த்தார். 1957இல் கருவி உருப்பெற்றபோது, ஹேர்ஷோவிற்ஸ் அதனை முதலிலே தாமே விழுங்கிப் பார்த்தார். பின்னரே நோயாளிக்குச் செலுத்தினார். பிறர்க்குச் செய்வதைத் தமக்கு முதலிற் செய்து பார்த்த அப்பண்பு போற்றத்தக்கது.

இரைப்பையைக் கண்டபின் பெருங்குடலைக் காணுதல் எளிதாயிற்றா என்றால், இல்லை. 1960களிலேதான் வளையும் குழல் குடலின் கீழ்ப்பகுதியை எட்டியது. 1969இல் நியூ யோர்க் நகரத்து பெத் இஸ்ரேல் வைத்தியசாலையில், வில்லியம் வுல்ப் என்பாரும் யப்பானிலே பிறந்த ஹிரோமி ஷின்யா என்பாரும், குழலினூடே மெல்லிய கம்பிக் கண்ணியொன்றை அனுப்பி, முளையின் காம்பிலே மாட்டி, மின்சாரத்தாற் சுட்டு அதனை அறுத்து எடுத்தனர். அதுகாறும் பெருங்குடலின் மேற்பகுதியில் உள்ள முளையை எடுக்க வயிற்றைக் கிழித்தே ஆகவேண்டும். இனிமேல் கத்தி இல்லை, தழும்பு இல்லை, நோயாளி பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். பார்க்கும் கருவி நீக்கும் கருவியாகவும் ஆயிற்று. இன்று வைத்தியசாலைகளிலே 'கொலனொஸ்கோப்பி' என்று வழங்கும் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை இதுவே.

1983இல் கண்ணாடி நாரின் இடத்திலே, குழலின் நுனியில் ஒரு சிறு நிழற்படக் கருவியைப் பொருத்தினர். அதற்கு முன் வைத்தியர் ஒருவரே ஒற்றைக் கண்ணால் குழலினுள் நோக்குவார். அவர் கண்டதை மற்றவர் காணார். இப்போது குடலின் உட்புறம் திரையிலே தோன்றியது. அறையில் உள்ளோர் அனைவரும் கண்டனர். இம்மாற்றம் சிறிதெனத் தோன்றினும், பிற்காலத்திலே இயந்திரம் பார்க்கக் கற்றுக்கொண்டது இதன் வழியேதான். திரையிலே தோன்றும் உருவம் எண்களாக மாற்றப்படக் கூடியது. எண்களாக மாறியதைக் கணினி படிக்க வல்லது.

முளையை நீக்குவதாலே புற்றுநோய் உண்மையிற் குறைகிறதா? 1993இல் சிட்னி வினாவர் என்பாரும் அவர் குழுவினரும் இதற்கு விடை தந்தனர். முளைகள் நீக்கப்பெற்ற 1418 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, எதிர்பார்க்கத்தக்க அளவைவிட நூற்றுக்கு 76 முதல் 90 வரை புற்றுநோய் குறைந்திருக்கக் கண்டனர். பொட்சீனியின் மெழுகுதிரி வீண் ஆர்வம் அன்று என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

நிற்க. விளக்கு வந்துவிட்டது, வழியும் திறந்துவிட்டது. ஆனால் விளக்கு இருந்தும் காணத் தவறுவதும் உண்டு அன்றோ? ஒரே நோயாளியை ஒரே நாளில் இருமுறை பரிசோதித்த ஆய்வுகள் பலவற்றைத் திரட்டி 2006இல் ஒரு கணக்கு வெளியிடப்பட்டது. முதற் பரிசோதனையிலே ஏறத்தாழ நூற்றுக்கு 22 முளைகள் கண்ணுக்குத் தப்பியிருந்தன. பெரிய முளைகள் தப்புவது அரிது. சிறியவை தப்புவது மிகுதி. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில், 12 வைத்தியர்களின் பணியை அளந்து பார்த்தனர். குழலை வெளியே இழுத்துவரும்போது ஆறு நிமிடமோ அதற்கு மேலோ செலவிட்டவர்கள், நூற்றுக்கு 28 பேரிடத்தில் ஐயத்துக்குரிய முளைகளைக் கண்டனர்; அதற்குக் குறைவாகச் செலவிட்டவர்கள் நூற்றுக்கு 12 பேரிடத்திலேதான் கண்டனர். கருவி ஒன்றே, கண்ணின் பொறுமை வேறு.

வைத்தியரும் மனிதரே. காலையிலே தெளிந்திருக்கும் கண் மாலையிலே களைத்திருக்கும். ஆகவேதான், பக்கத்தில் நிற்கும் தாதியும் திரையைக் கூர்ந்து பார்த்தால் காணப்படும் முளைகள் பெருகுகின்றன என்று சில ஆய்வுகள் காட்டின. ஒருவர் தவறவிட்டதை மற்றவர் காண்பார். இரண்டாவது கண் வேண்டும் என்னும் இந்த எண்ணமே செயற்கை நுண்ணறிவுக்கு வாயிலைத் திறந்தது.

செயற்கை நுண்ணறிவு என்னும் பெயர் நாம் நினைப்பதைவிடப் பழையது. 1956இல், ஐக்கிய அமெரிக்காவின் டார்த்மத் கல்லூரியிலே கூடிய அறிஞர் சிலர் அப்பெயரை இட்டனர். கப்பானியின் கண்ணாடி நார் 1954. ஹேர்ஷோவிற்சின் உள்நோக்கி 1957. ஒளியை வளைத்த கலையும் இயந்திரத்துக்கு அறிவு புகட்டும் கலையும் ஒரே காலத்திற் பிறந்து, ஒன்றையொன்று அறியாமலே அறுபது ஆண்டுகள் நடந்தன. நமது வாவிக்குப் படுவான்கரை ஆறுகள் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல் உவர்நீரைத் தருகிறது. இரண்டும் வெவ்வேறு திசையின, கலக்குமிடம் ஒன்று. அவ்வாறே இவ்விரு கலைகளும் மருத்துவமனையின் திரையிலே வந்து கலந்தன.

இயந்திரம் எவ்வாறு பார்க்கக் கற்கிறது? 1980இல் புக்குசிமா என்னும் யப்பானிய அறிஞர், கண்ணும் மூளையும் உருவத்தை அறியும் முறையைப் பின்பற்றி, அடுக்கடுக்காய் அமைந்த ஒரு கணிப்பு முறையை வகுத்தார். முதல் அடுக்கு கோடுகளையும் விளிம்புகளையும் காணும். அடுத்தது அவை சேர்ந்த வளைவுகளைக் காணும். அதற்கும் மேலது முழு வடிவத்தைக் காணும். 2012இல் கனடாவின் தொரொன்ரோப் பல்கலைக்கழகத்தார் இம்முறையின் வழிவந்த ஒன்றைக் கொண்டு, படங்களை இனங்காணும் போட்டியிலே மற்றவரைப் பெரிதும் விஞ்சினர். அதன்பின்னரே வைத்திய உலகம் இதன்பால் திரும்பியது.

குடல் முளைக்கும் இதுவே வழி. தேர்ந்த வைத்தியர் ஆயிரமாயிரம் படங்களிலே முளை இருக்கும் இடத்தைக் குறித்துக் கொடுக்கின்றனர். கணினி ஒவ்வொரு படத்தையும் பார்த்து ஓர் ஊகம் சொல்கிறது, தவறினால் தன் உள்ளே உள்ள எண்களைச் சிறிது திருத்திக்கொள்கிறது, மீண்டும் பார்க்கிறது. தந்தையுடன் தோணியிலே போகும் மீனவச் சிறுவன், நீரின் நிறத்தையும் சுழிப்பையும் பார்த்துப் பார்த்து மீன் இருக்கும் இடத்தைக் கற்றுக்கொள்வதுபோல் என்று வேண்டுமானாற் சொல்லலாம். ஆனால் அச்சிறுவனுக்கு மீனின் பசியும் தெரியும், தன் பசியும் தெரியும். இயந்திரத்துக்கு அவை தெரியா. அது உருவத்தை மட்டுமே அறியும். பரிசோதனை நடக்கும்போது, ஐயத்துக்குரிய இடம் திரையிலே தோன்றிய கணத்தில் அதனைச் சுற்றி ஒரு சிறு கட்டம் இடும். சில கருவிகள் ஒலியும் எழுப்பும். அவ்வளவே அதன் வேலை. அக்கட்டத்தினுள் இருப்பது முளையா, நீர்க்குமிழியா, எஞ்சிய கழிவா என்று தீர்ப்பவர் வைத்தியர்.

இதன் பயனையும் அளந்து பார்த்தனர். சீனாவின் செங்டு நகரிலே 1058 நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2019இல் வெளியாயிற்று. இயந்திரத்தின் துணையின்றிப் பார்த்தபோது நூற்றுக்கு 20.3 பேரிடத்திலே புற்றாக மாறத்தக்க வகை முளை காணப்பட்டது. துணையோடு பார்த்தபோது 29.1 பேரிடத்திலே காணப்பட்டது. 2020இல் இத்தாலியில் 685 பேரிடம் நடந்த ஆய்விலும் 40.4 என்பது 54.8 ஆக உயர்ந்தது. 2021 ஏப்பிரிலில் ஐக்கிய அமெரிக்க அரசு இத்தகைய கருவியொன்றுக்கு முதன்முதலாக அனுமதி வழங்கியது. யப்பானிலோ, முளையைக் கண்டபின் அதனைப் பல மடங்கு பெருக்கிப் பார்த்துத் தீங்குடையதா அற்றதா என்று கருத்துச் சொல்லும் கருவிக்கு, 2018ஆம் ஆண்டு முடிவிலேயே அனுமதி கிடைத்திருந்தது.

ஆயினும் நடுநிலை தவறாது மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். மிகுதியாகக் காணப்பட்டவற்றுட் பல மிகச் சிறிய முளைகள். அவற்றுள் எத்தனை உண்மையிலே புற்றாக மாறியிருக்கும் என்பது உறுதியன்று. தேவையற்றதை நீக்கினால் செலவும் சிறிது ஆபத்தும் உண்டு. இதனினும் சிந்திக்கத்தக்கது போலந்து நாட்டிலிருந்து 2025இல் வந்த செய்தி. அந்நாட்டின் நான்கு நிலையங்களில் வைத்தியர்கள் இத்துணைக் கருவிக்குப் பழகினர். பழகியபின், கருவி இல்லாமல் அவர்கள் செய்த பரிசோதனைகளைக் கணக்கிட்டபோது, முன்பு நூற்றுக்கு 28.4 ஆக இருந்த கண்டறியும் அளவு 22.4 ஆகக் குறைந்திருந்தது. ஓர் ஆய்வைக் கொண்டே முடிவு கட்டிவிடலாகாது. ஆனால் ஊன்றுகோலை நம்பிய கால் தன் வலிமையை இழப்பது உலகியல்பு. இரண்டாவது கண் வேண்டுமென்று தொடங்கினோம். முதலாவது கண் உறங்கிவிடுமானால் இலாபம் ஏது?

இன்னுமொன்று. இயந்திரம் திரையிலே தோன்றுவதை மட்டுமே காணும். குடலின் மடிப்புக்குப் பின்னே குழலின் நுனி செல்லவில்லையெனில், அங்கே உள்ள முளை அதற்கும் இல்லை. முதல் நாள் நீராகாரம் மட்டும் உண்டு, கொடுத்த பேதி மருந்தை முறையாகக் குடித்துக் குடலைச் சுத்தம் செய்யாவிட்டால், எத்தகைய அறிவும் அங்கே பயன்படாது. மாரிகாலத்து வெள்ளம் வந்து கலங்கிய வாவியிலே அடி தெரியுமா? மடிப்பை விரித்துக் காட்டுவது வைத்தியரின் கை. குடலைத் தெளிவித்துக் கொடுப்பது நோயாளியின் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, பரிசோதனைக்கே வராதவரின் குடலை எந்த இயந்திரமும் காணாது.

இங்கேதான் நாம் நமது வாவியின் இரு கரைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுவான்கரையிலே நகரும் வைத்தியசாலையும் உள. படுவான்கரையிலே வயலும் குளமும் உள. நெடுங்காலம் படுவான்கரை மக்கள் நோயாளியைத் தோணியிலும் ஓடத்திலும் ஏற்றியே இக்கரை சேர்த்தனர். 1924இல் கல்லடிப் பாலம் வந்தது. அது கடற்கரைப் பக்கத்தை நகருடன் இணைத்தது. படுவான்கரைக்கு வழி திறந்த மண்முனைப் பாலமோ 2014இலேதான் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே 90 ஆண்டுகள். 1981இல் வந்தாறுமூலையிலே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று இம்மண்ணிலேயே வைத்தியர்கள் பயிற்றப்படுகின்றனர். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை அவர்களுக்குக் கல்விக்கூடமாகவும் விளங்குகிறது. நீரைக் கடக்கப் பாலம் அமைத்தோம். ஆனால் கூச்சத்தைக் கடக்கப் பாலம் அமைத்தோமா?

வயலிலே வேலை செய்யும் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். சில மாதமாக மலத்தோடு இரத்தம் போகிறது. மனைவியிடமும் சொல்லவில்லை. மூலமாயிருக்கும் என்று தாமே முடிவு செய்துகொண்டு, காரத்தைக் குறைத்து, கைமருந்து உண்டு, அறுவடை முடியட்டும் என்று தள்ளிப் போடுகிறார். அது பெரும்பாலும் மூலமாகவே இருக்கலாம். ஆனால் அவ்வாறன்றி இருந்தால்? பத்தாண்டு அவகாசம் தந்த நோய், அந்த அவகாசத்தின் கடைசி மாதங்களைக் கூச்சத்துக்குத் தின்னக் கொடுத்துவிடுகிறது. லெனெக்குக்கு வந்த கூச்சம் ஒரு கருவியைப் பிறப்பித்தது. நமக்கு வரும் கூச்சம் கருவியின் பக்கமே செல்லவிடாமல் தடுக்கிறது.

சொல்ல முடியாத நோயைச் சொல்வதற்கு முதலிலே சொல் வேண்டும். இதனை நன்கு உணர்ந்தவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இலங்கைக்கு வந்த அவர், தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். உடலின் உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழிலே பெயர் தேடித் தந்தார். 1867இல் அவர் வெளியிட்ட 'இரண வைத்தியம்' சத்திரசிகிச்சையைத் தமிழிலே சொல்லிய பெருநூல். அவர் வழியிலே பின்வந்தவர் இம்மண்ணின் மைந்தர், காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள். 1936இல் சென்னையிலே கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, அறிவியற் கலைச்சொற்கள் தமிழிலே அமைய உழைத்தார். இயற்பியலையும் வேதியியலையும் கற்ற துறவி அவர். இன்று நாம் பெருங்குடல் என்றும், சத்திரசிகிச்சை என்றும், நுண்ணறிவு என்றும் தடையின்றிப் பேசுகிறோம் என்றால், அது இத்தகையோர் இட்ட அடித்தளத்தின் மேலே நின்றுதான்.

சொல் இருக்கிறது, அதனைப் பயன்படுத்தும் துணிவே வேண்டும். மலத்தோடு இரத்தம் காணுதல், மலங்கழியும் வழக்கம் காரணமின்றி மாறி வாரக்கணக்கில் நீடித்தல், காரணந் தெரியாத இரத்தச் சோகை, உடல் மெலிதல் ஆகியவை தோன்றின் வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும். தாய் தந்தைக்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருந்ததாயின், அறிகுறி எதுவும் இல்லாதபோதே கேட்டறிதல் நன்று. இவற்றுக்குச் செயற்கை நுண்ணறிவு வேண்டியதில்லை. இயற்கை நுண்ணறிவு போதும். எல்லார்க்கும் உள்நோக்கிப் பரிசோதனை தேவைப்படும் என்பதுமில்லை. யாருக்கு எது தேவை என்று வைத்தியர் கூறுவார்.

நேயர்களே, 1806இலே ஏற்றிய மெழுகுதிரி 200 ஆண்டுகள் கைமாறிக் கைமாறி வந்து, இன்று தானே பார்த்துக் கட்டமிட்டுக் காட்டும் கருவியாகியிருக்கிறது. ஜேர்மனியர் ஒருவர் தொடங்க, பஞ்சாபியர் ஒருவர் ஒளியை வளைக்க, தென்னாபிரிக்கர் ஒருவர் தம் தொண்டையிலே சோதிக்க, யப்பானியர் முளையை அறுக்கவும் இயந்திரத்துக்குப் பார்வை கொடுக்கவும் வழி வகுத்தனர். யாதும் ஒரு நாட்டாரின் தனிச்சொத்தன்று. ஆனால் இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி அவர்களுள் எவர் கையிலும் இல்லை. அது நோயைச் சொல்லத் துணியும் மனிதனின் கையில் இருக்கிறது.

டெனன்றுக்கு அந்த இரவிலே வாவியின் நாதம் கேட்டது எதனால்? நல்ல தோணியும் பழகிய மீனவரும் இருந்ததனால் மட்டுமன்று. அவர் புறப்பட்டுச் சென்றார். குனிந்து காது கொடுத்தார். நம் உடல் மெல்லச் சொல்லும் செய்திக்கும் அவ்வாறே நாம் காது கொடுக்க வேண்டும். பார்ப்பதற்கு வைத்தியரும் அவர்தம் இரண்டாவது கண்ணும் உள. அவர்களிடம் சென்று சேர வேண்டிய கால்கள் நம்முடையவை.